பூமியைத் தட்டிப் பார்த்தவர்



ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சிவபெருமானிடம் 12 ஆயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணக் கதை.

பொன் கதை இருக்கட்டும். தண்ணீர் விஷயத்தில் இது நிஜமாகவே நடக்கிறது! விருத்தாசலம், பண்ணுருட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் மழை பெய்கிறது. அந்த நீர் செம்மண்ணிலும் மணலிலும் இறங்குகிறது. யார் கண்ணுக்கும் படாமல், பூமிக்கு அடியிலேயே மெல்ல மெல்ல நகர்ந்து, நெய்வேலிப் பக்கம் ஆழத்தில் போய்ச் சேருகிறது. ஓரிடத்தில் விழுந்த மழையை வேறோர் இடத்தில் கிணறு வெட்டி எடுக்கிறோம்.

ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது? அங்கேதான் சிக்கல்.

ஒரு விவசாயி ஆழ்துளைக் கிணறு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிக் வண்டி வருகிறது. துளையிட அடிக்கு இவ்வளவு என்று கூலி. 100 அடி, 200 அடி, 400 அடி... புழுதிதான் பறக்கிறது. ஈரமே இல்லை. வண்டி கிளம்பிப் போய்விடும். துளையும் கடனும் அவரிடமே தங்கிவிடும். இன்னோர் இடத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று மறுபடி கடன் வாங்குவார். இப்படியே நகையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம்.

அம்மா சந்தையில் மண்பானை வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? விரலை மடக்கி, பானையை டொக் டொக் என்று தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். உடைத்துப் பார்க்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளும் வித்தை அது!

அதுபோல பூமியையும் தட்டிப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் கான்ராட் ஷ்லும்பெர்ஜே. நாக்கு சுளுக்குகிறதா? பரவாயில்லை. நாம் கான்ராட் என்றே அழைப்போம்.

எல்லை மாறிய ஊர்

கான்ராட் பிறந்தது 1878ம் ஆண்டு, அக்டோபர் 2ம் தேதி. ஊர், அல்சாஸ் பகுதியில் உள்ள கெப்வில்லர். அப்பா பெயர் பால். பருத்தி நூற்கும் இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலைக் குடும்பம். அம்மா மார்கரித், பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர்.

அல்சாஸ் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே இருக்கிறது. 1871ல் முடிந்த போருக்குப் பின் அது ஜெர்மனியின் கைக்குப் போய்விட்டது. அதனால், பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த கான்ராட், ஜெர்மனி ஆண்ட மண்ணில் பிறந்தார். பிள்ளைகள் பிரெஞ்சுக் கல்வி பெற வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். பையன்கள் படிப்புக்காகப் பாரிசுக்குப் போனார்கள்.

கான்ராடுக்கு இயற்பியலில் கொள்ளை ஆசை. எகோல் பாலிடெக்னிக் என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் 1898ல் இடம் கிடைத்தது. பிறகு சுரங்கப் பொறியியல் படித்தார். 1907ல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவருக்குச் சுரங்கக்காரர்களின் கவலை தெரியாமல் இருக்குமா? பூமிக்கு அடியில் தாது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அங்கும் இங்கும் தோண்டிப் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். நம் விவசாயியின் கவலையும் இதுதானே!

கான்ராட் யோசித்தார். செம்பு, இரும்பு போன்றவற்றின் வழியாக மின்சாரம் சுலபமாக ஓடும். உலர்ந்த கல் வழியாக ஓடுவது கடினம். அப்படியானால், தரையில் மின்சாரத்தைச் செலுத்தி, அது எந்தப் பக்கம் எப்படி ஓடுகிறது என்று அளந்தால், உள்ளே இருப்பது தெரிந்துவிடாதா?

குளிக்கும் தொட்டியில் ஒரு குட்டி பூமி

யோசனை நல்லதுதான். ஆனால் சோதித்துப் பார்க்காத யோசனைக்கு அறிவியலில் மதிப்பு இல்லை. கான்ராட் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். செம்பால் ஆன ஒரு குளியல் தொட்டியை எடுத்துக்கொண்டார். அதில் குளிக்கவில்லை. மண்ணையும் கல்லையும் நிரப்பினார்! அந்தக் குட்டி பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, மேலிருந்து பல இடங்களில் அளந்தார். உள்ளே இருக்கும் பொருளுக்கு ஏற்ப மேலே அளவுகள் மாறின.

அடுத்து நிஜ பூமி. 1912ல், நார்மண்டி பகுதியில் வால் ரிஷே என்ற இடத்தில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போனார். வயல்வெளியில் இரும்புக் கம்பிகளை அடித்தார். கம்பிகளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். தரையில் எந்தெந்த இடங்களில் மின்னழுத்தம் ஒரே அளவாக இருக்கிறது என்று பார்த்து, அந்தப் புள்ளிகளை இணைத்துத் தாளில் கோடு வரைந்தார்.

குளத்தில் கல் எறிந்தால் வட்ட வட்டமாக அலை பரவும். வழியில் ஒரு பாறை இருந்தால், அந்த இடத்தில் வட்டம் நெளியும். கான்ராட் வரைந்த கோடுகளும் அப்படித்தான். அடியில் மண் ஒரே மாதிரி இருந்தால் ஒழுங்காக இருக்கும். வேறு பொருள் இருந்தால் வளையும். தோண்டாமலே கிடைத்த படம்!

அடுத்த ஆண்டே, 1913ல், செர்பியா நாட்டில் போர் என்ற ஊருக்குப் போனார். ஆமாம், ஊரின் பெயரே போர்தான்! அங்கே மண்ணுக்குள் செப்புத்தாது இருந்தது. சில தாதுக்கள் மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து, பேட்டரிபோலத் தாமாகவே மிக லேசான மின்சாரத்தை உண்டாக்கும். அந்த லேசான மின்சாரத்தை அளந்தே கான்ராட் தாது இருக்கும் இடத்தைக் காட்டினார்.

அப்பாவின் ஒப்பந்தம்

எல்லாம் கூடி வரும் வேளையில், 1914ல் முதல் உலகப் போர் மூண்டது. கான்ராட் பீரங்கிப் படை அதிகாரியாகப் போர்முனைக்குப் போக வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சி நின்றுபோனது. போரின் கொடுமையை நேரில் கண்டவர் அதை வெறுத்தார்; அமைதியை விரும்பும் மனிதராகத் திரும்பி வந்தார்.

வந்தவர் கையில் பணம் இல்லை. இப்போது கைகொடுத்தவர் அப்பா பால். 1919ம் ஆண்டு நவம்பரில், தன் மகன்கள் கான்ராட், மார்செல் இருவருடனும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். ஆராய்ச்சிக்காக 5 லட்சம் பிராங்க் வரை தருவதாக ஒப்புக்கொண்டார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. லாபக் கணக்கைவிட அறிவியல் உண்மைக்கே முதலிடம் தர வேண்டும் என்பது அது. எவ்வளவு உயர்ந்த மனம் பாருங்கள்!

தம்பி மார்செல், கான்ராடைவிட ஆறு வயது சிறியவர். 1884ல் பிறந்தவர். அண்ணன் யோசனைக்காரர், தம்பி கைவேலைக்காரர். அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்ன கருவியை, வயலிலும் சேற்றிலும் வேலை செய்கிற மாதிரி உருவாக்கிக் கொடுத்தது தம்பி. 1920ல் கான்ராட் தன் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். பிறகு பேராசிரியர் வேலையையும் விட்டுவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கினார். 1923ல் ருமேனியா நாட்டில், மண்ணுக்குள் மறைந்திருந்த ஒரு பெரிய உப்புக் குன்றைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 1926ல் அண்ணனும் தம்பியும் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே, மின்சாரத்தால் நிலத்தை ஆராயும் கழகம் என்ற பொருள் தரும்.

நான்கு கம்பிகளின் ரகசியம்

இப்போது வித்தைக்கு வருவோம். கவனமாகப் படியுங்கள். ஒன்றும் கடினம் இல்லை.

தரையில் ஒரே கோட்டில் நான்கு கம்பிகளை அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் இருக்கும் இரண்டு கம்பிகள் வழியாகப் பேட்டரி மின்சாரம் மண்ணுக்குள் போகும். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகள், அங்கே மின்னழுத்தம் எவ்வளவு என்று அளக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். ஓம் விதி என்று பள்ளியில் படிப்பீர்களே, அதுதான். கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் கணக்கில் சேர்த்தால், அந்த மண் எவ்வளவு தூரம் மின்சாரத்தை எதிர்க்கிறது என்று தெரியும்.

நான்கு எதற்கு, இரண்டே கம்பி போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! கம்பி மண்ணைத் தொடும் இடம் காய்ந்திருந்தால், அங்கேயே மின்சாரம் தடைப்படும். இரண்டே கம்பி வைத்து அளந்தால், அந்தத் தடை மண்ணின் உண்மையான தடையை மறைத்துவிடும். செலுத்துவதற்கு இரண்டு, அளப்பதற்கு வேறு இரண்டு என்று பிரித்துவிட்டால், அந்தத் தொல்லை பெரிதும் நீங்கிவிடும்.

சரி, ஆழம் எப்படித் தெரியும்? பக்கத்தில் நிற்கும் நண்பனுக்குப் பந்தைப் போட்டால், பந்து தாழ்வாகவே போகும். மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனுக்கு வீசினால், பந்து உயரே எழும்பித்தான் போக வேண்டும். மின்சாரம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. வெளிக் கம்பிகள் இரண்டும் அருகருகே இருந்தால், அது பெரும்பாலும் மேல் மண்ணிலேயே ஓடிவிடும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால், மேலும் மேலும் ஆழமாக இறங்கி ஓடும்.

கான்ராட் முறையில், நடுக் கம்பிகளை அடிக்கடி அசைக்க வேண்டாம். வெளிக் கம்பிகளை மட்டும் படிப்படியாக விலக்கிக்கொண்டே போனால் போதும். ஒவ்வொரு முறையும் அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்தால், ஒரு வளைகோடு கிடைக்கும். மேலே என்ன மண், அதற்குக் கீழே என்ன, அதற்கும் கீழே என்ன என்று அந்தக் கோடு கதை சொல்லும். அமெரிக்காவில் பிராங்க் வென்னர் என்பவரும், அதே காலத்தில், நான்கு கம்பிகளையும் சம தூரத்தில் அடிக்கும் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். இன்றுவரை உலகம் முழுக்க இரண்டு முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

கிணற்றுக்குள் இறங்கிய கருவி

மேலிருந்து பார்த்தது போதாது என்று கான்ராடுக்குத் தோன்றியது. துளை போட்டாகிவிட்டது என்றால், அதற்குள்ளேயே கருவியை இறக்கிப் பார்த்தால் என்ன?

1927ம் ஆண்டு, செப்டம்பர் 5ம் தேதி. இடம், அல்சாசில் உள்ள பெஷல்பிரோன் எண்ணெய் வயல். கான்ராட் பிறந்த அதே அல்சாஸ்! போருக்குப் பின் அது மறுபடி பிரான்சோடு சேர்ந்திருந்தது. கான்ராடின் மருமகன் ஆன்ரி டோல், உதவியாளர்களோடு ஒரு துளைக் கிணற்றுக்குள் கருவியைக் கம்பிவடத்தில் கட்டி இறக்கினார். ஒரு மீட்டர் நகர்த்துவார்கள், நிறுத்துவார்கள், அளப்பார்கள், குறித்துக்கொள்வார்கள். மறுபடி ஒரு மீட்டர். இப்படிப் பொறுமையாக அளந்த புள்ளிகளைக் கையால் தாளில் வரைந்தார்கள். எந்த ஆழத்தில் எந்தப் படிவம் என்று வரிசையாகத் தெரிந்தது. உலகில் முதன்முதலாக ஒரு துளைக் கிணற்றுக்கு மின்சாரத்தால் எழுதப்பட்ட ஜாதகம் அது!

பல நாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. எண்ணெய் தேடுவதற்கு மட்டுமா? அணை கட்டும் இடத்தில் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கவும், நிலத்தடி நீரைத் தேடவும் அந்த முறை பயன்பட்டது. கான்ராட் ஓய்வில்லாமல் பயணம் செய்தார். 1936ம் ஆண்டு, சோவியத் ரஷ்யாவில் வேலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், மே 9ம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 57தான். தம்பி மார்செல், 1953ல் தாம் இறக்கும்வரை அண்ணனின் பணியைத் தொடர்ந்து நடத்தினார். அவர்கள் தொடங்கியது இன்று உலகின் மிகப்பெரிய எண்ணெய் வயல் சேவை நிறுவனங்களில் ஒன்று. 2022ல் தன் நீளமான பெயரை எஸ்.எல்.பி. என்று சுருக்கிக்கொண்டது.

விருத்தாசலத்து மண் சொல்லும் பாடம்

கான்ராட் விருத்தாசலத்துக்கு வந்ததில்லை. ஆனால் அவருடைய முறை வந்துவிட்டது.

விருத்தாசலம் பீங்கான் ஊர். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, மின்சாதனங்களுக்கான பீங்கான் பொருள்கள் எல்லாம் அங்கே செய்கிறார்கள். மின்கம்பத்தின் மேலே, கம்பியைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பீங்கானைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியாக மின்சாரம் பாயாது. அதனால்தான் அதை அங்கே வைக்கிறார்கள்.

இப்போது ஒரு வேடிக்கை! பீங்கான் எதிலிருந்து வருகிறது? களிமண்ணிலிருந்து. அந்தக் களிமண் ஈரமாக நிலத்துக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்! ஈரக் களிமண்ணில் இருக்கும் நீரில் உப்புகள் கரைந்திருக்கும். அவை மின்சாரத்தைச் சுமந்து செல்லும். சூளையில் வைத்துச் சுட்டதும் நீர் ஆவியாகிவிடும். மண் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு மின்சாரத்துக்கு வழி இல்லை. ஒரே பொருள்தான், சூளைக்கு முன் ஒரு குணம், சூளைக்குப் பின் ஒரு குணம்.

இந்த வேடிக்கைக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கருங்கல் பாறையின் மின்தடை மிக அதிகம். நல்ல நீர் நிறைந்த மணலின் தடை நடுத்தரம். ஈரக் களிமண்ணின் தடை மிகக் குறைவு. உப்புநீர் நிறைந்த மணலின் தடையும் மிகக் குறைவு. அப்படியென்றால், தடை குறைவாக இருக்கிறது, இங்கே தண்ணீர் கொட்டும் என்று அவசரப்பட்டு ஒருவர் துளை போட்டால் என்ன ஆகும்? களிமண்ணில் போய் நிற்கும்! களிமண் பெரிய கஞ்சன். தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கும். ஒரு சொட்டுகூட வெளியே விடாது. அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. மணல் வள்ளல், வாங்கியதைக் கொடுத்துவிடும்.

ஆகவே, கருவி தண்ணீரைக் காட்டுவதில்லை. மின்தடையைத்தான் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல, மண்ணைப் பற்றித் தெரிந்த மனிதர் வேண்டும். அவர் முதலில் அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பார்ப்பார். என்ன மண் வந்தது, எத்தனை அடியில் நீர் வந்தது, உவர்ப்பா, நல்ல நீரா என்று விசாரிப்பார். பிறகுதான் வளைகோட்டைப் படிப்பார்.

விருத்தாசலம் பகுதிக்கு இது மிகவும் தேவை. ஏன் தெரியுமா? மேற்கே போகப் போகக் கடினப் பாறை. அங்கே பாறையின் வெடிப்புகளிலும், பாறை உளுத்துப்போன பகுதியிலும்தான் தண்ணீர். கிழக்கே நெய்வேலிப் பக்கம் மணல், களிமண், மணல் என்று அடுக்கடுக்கான படிவங்கள். மேற்கில் 50 அடி தள்ளிப் போட்டால்கூடக் கிணறு பொய்த்துப் போகலாம். கிழக்கில் கேள்வியே வேறு. எத்தனை அடியில் களிமண் முடிந்து மணல் தொடங்குகிறது என்பதே அங்கே முக்கியம்.

மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்கவே முடியாது என்பதற்கு நெய்வேலியே சாட்சி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர், தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு போட்டார். தண்ணீரோடு கரிய பொருளும் வந்தது! அதுதான் பழுப்பு நிலக்கரி. அவர் அதை அலட்சியம் செய்யாமல் அரசுக்குத் தெரிவித்தார். பின்னாளில், 1956ல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. நிலக்கரிக்கு அடியில், பெரும் அழுத்தத்தோடு நீர் இருப்பதும் தெரிந்தது. சுரங்கத்துக்குள் பொங்கி வந்துவிடாமல் இருக்க, அந்த நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள்.

குச்சியும் கருவியும்

நம் ஊர்களில் நீரோட்டம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ, கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டோ வயலில் நடப்பார்கள். தேங்காய் எழுந்து நின்றால் தண்ணீர் என்பார்கள். பல நாடுகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் இடம் காட்டுவதைவிட இது மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை.

அதற்காக நம் முன்னோர் எல்லாருமே கண்ணை மூடிக்கொண்டு தேடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், பிருகத் சம்கிதை என்ற நூலில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். எந்த மரத்துக்குப் பக்கத்தில், எந்தத் திசையில் புற்று இருந்தால் எவ்வளவு ஆழத்தில் நீர் இருக்கலாம் என்று அதில் சொல்கிறார். அவர் சொன்னது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. ஆனால் மரத்தையும் மண்ணையும் கூர்ந்து பார்த்து எழுத வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் அறிவியலின் முதல் படி. அடுத்த படி, அளப்பது. அதற்கும் அடுத்த படி, சொன்னது சரியா என்று துளை போட்டபின் ஒப்பிட்டுப் பார்ப்பது. கான்ராட் தொட்டியில் மண் நிரப்பியதும், கிணற்றுக்குள் கருவியை இறக்கியதும் இதற்காகத்தான்.

இன்று நம் நாட்டில் மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஐதராபாத்தில் 1961ல் தொடங்கப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவற்றின் வல்லுநர்கள் இத்தகைய ஆய்வுகளைச் செய்கிறார்கள். 2010களில் ஒரு புதுமையும் நடந்தது. இந்தியாவில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, நிலத்தடி நீர்ப்படிவங்களைப் படம் பிடிக்க முயன்றார்கள். அதில் ஒன்று, நம் கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்றுப் பகுதி! விருத்தாசலத்து மணிமுத்தாற்று நீர் போய்ச் சேருவதும் அந்த வெள்ளாற்றில்தான். ஹெலிகாப்டருக்குக் கீழே ஒரு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டுப் பறந்தார்கள். அது மண்ணுக்குள் மின்காந்தத் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் பதிலை அளந்தது. கம்பியே அடிக்கவில்லை. ஆனாலும் கேட்ட கேள்வி, கான்ராட் கேட்ட அதே கேள்விதான்: இங்கே மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது?

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டார்ச் பேட்டரிகளை வரிசையாக இணைத்து, அவற்றோடு ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கைச் சேருங்கள். சுற்றில் ஓர் இடத்தில் இடைவெளி விட்டு, இரண்டு கம்பி முனைகளை நீட்டி வையுங்கள். முனைகளை உடைந்த பீங்கான் துண்டில் வையுங்கள். விளக்கு எரியாது. காய்ந்த மணலில் செருகுங்கள். எரியாது. உப்பு கரைத்த நீரில் வையுங்கள். எரியும்! பிசைந்த ஈரக் களிமண்ணில், முனைகளைப் பக்கத்துப் பக்கத்தில் செருகிப் பாருங்கள். மங்கலாகவாவது ஒளிர்கிறதா என்று கவனித்து, நோட்டில் எழுதுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். டார்ச் பேட்டரி மட்டுமே. வீட்டு பிளக் பாயிண்ட் பக்கமே போகக்கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

பொய்த்துப்போன கிணறுகள்

குழந்தைகளே, கடைசியாக முக்கியமான ஒரு விஷயம். எவ்வளவு நன்றாக ஆய்வு செய்தாலும் சில கிணறுகள் பொய்த்துப் போகும். ஆய்வு செய்யாமலே போட்டவை இன்னும் அதிகமாகப் பொய்க்கும். தண்ணீர் வராத கோபத்தில், அந்தத் துளைகளை மூடாமலே விட்டுவிடுகிறார்கள். உங்களைவிடச் சின்னஞ்சிறு குழந்தைகள் அவற்றில் தவறி விழுந்து உயிரிழந்த கொடுமை, நம் தமிழ்நாட்டிலேயே பலமுறை நடந்திருக்கிறது.

2010ல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான கட்டளைகள் போட்டது. கிணறு போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் வேலி போட வேண்டும். அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். குழாயின் வாயை இறுக மூட வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரை மட்டம்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும்.

உங்கள் ஊரில், வயலோரத்திலோ தெருவோரத்திலோ மூடாத துளையைப் பார்த்தால், நீங்கள் கிட்டே போகாதீர்கள். குனிந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உடனே வீட்டிலும், ஆசிரியரிடமும், ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லுங்கள். மூடும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வயலிலோ புதிதாகக் கிணறு போடும் பேச்சு வந்தால், இன்னும் ஒன்று செய்யுங்கள். முதலில் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் அங்கே வந்த மண்ணையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொடுங்கள். நிலத்தை அளந்து பார்த்த பிறகு துளையிடலாமே என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். பானை வாங்கும்போதே தட்டிப் பார்க்கிற நாம், பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன் பூமியை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டாமா?